முதல் வாடகை வீட்டைப் பழைய மரச்சாமான்களால் அமைப்பது எப்படி: மதுரைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் முதன்முதலாக அபார்ட்மென்ட் வீட்டுச் சாவியைக் கையில் வாங்குகிறவர்கள் அந்த மாதமே இரண்டு காரியம் செய்துவிடுகிறார்கள். பால் காய்ச்சுகிறார்கள், மாதத் தவணையில் சோபா செட் எடுக்கிறார்கள். பால் காய்ச்சுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சோபாவைத்தான் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்கிறேன்.

குறைந்த விலையில் பளபளப்பாகக் கிடைக்கும் கட்டில், பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள் செட்டுகளின் உள்ளே இருப்பது பெரும்பாலும் மரத்தூளைப் பசை கலந்து அழுத்திய பலகை. ஐப்பசி மழையில் ஓதம் ஏறினால் ஓரம் உப்பிவிடும். வீடு மாறும்போது கழற்றிப் பூட்டினால் திருகு பழைய ஓட்டையில் பிடிக்காது. அதே காசுக்கு, தேடினால் அதற்கும் குறைவாக, நாற்பது ஐம்பது வருடம் உழைத்த மரக் கட்டிலும் இரும்பு பீரோவும் இந்த ஊரில் கிடைக்கும். ஆனால் பழையது வாங்குவதில் ஒரு கணக்கு உண்டு: பொருளின் விலையில் மிச்சம் பிடிக்கலாம், ஆசாரி கூலியில் பிடிக்கக் கூடாது. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, ஆட்டம் கண்ட காலுக்கு வீட்டிலேயே ஆணி அடிக்கிறார்கள்.

படி 1: முதலில் டேப், அப்புறம்தான் சந்தை

வீடு காலியாக இருக்கும்போதே ஒரு டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். அறையின் நீள அகலம் எல்லோரும் எடுப்பார்கள். எடுக்காமல் விடுவது வழி: லிஃப்ட் கதவின் அகலமும் உயரமும், மாடிப்படி திரும்பும் இடம், வாசல் நிலை, படுக்கையறை நிலை, லாஃப்ட்டின் அடிமட்டம்.

இரும்பு பீரோவை எடுத்துக்கொள்ளுங்கள். பரவலாகக் கிடைக்கும் பெரிய அளவு 78 அங்குல உயரம், 36 அங்குல அகலம், 19 அங்குல ஆழம். லாஃப்ட் 80 அங்குல உயரத்தில் இருக்கிறது, 78 அங்குல பீரோ தாராளமாக நிற்கும் என்று தோன்றும். ஆனால் படுக்கவைத்துக் கொண்டுவந்ததை நிமிர்த்தும்போது மூலைக்கு மூலை 80 அங்குலத்துக்குச் சற்று மேலே இடம் வேண்டும். லாஃப்ட்டின் அடியில் வைத்து நிமிர்த்தினால் இடிக்கும். வெளியே நிமிர்த்தி உள்ளே நகர்த்த வேண்டியிருக்கும். இது முன்கூட்டியே தெரிந்தால் லோடுமேனிடம் சொல்லிவிடலாம். தெரியாவிட்டால் லாஃப்ட்டில் ஒரு கோடு விழும், அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

தரையில் சாக்பீஸால் கட்டிலையும் பீரோவையும் வரைந்துபாருங்கள். பீரோக் கதவு திறக்கும் அரைவட்டத்தையும் சேர்த்து வரையுங்கள். நடக்க எல்லாப் பக்கமும் 2 அடியாவது மிஞ்ச வேண்டும். மேற்கு பார்த்த சுவர் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். மதுரை வெயிலில் அந்தச் சுவர் இரவு பத்து மணிக்கும் சுடும். அதில் கட்டிலின் தலைமாட்டைச் சாத்த வேண்டாம், பீரோவைச் சாத்துங்கள். வடக்கே தலை வைக்காதே என்று அம்மா ஒரு பக்கம் சொல்வார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கட்டிலுக்கு மிஞ்சுவது ஒன்றிரண்டு இடம்தான். அதுவும் ஒரு வசதி, அதிகம் யோசிக்க வேண்டாம்.

எல்லா அளவையும் போனில் ஒரே குறிப்பாக எழுதி வையுங்கள். கடையில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் போட்டு "ஜன்னல் எத்தனை அடி இருக்கும்?" என்று கேட்பது வீண்வேலை.

படி 2: பிடித்த இரண்டு மூன்று விஷயங்களை முடிவு செய்யுங்கள்

பழைய சாமான்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டிலிருந்து வருபவை. ஒன்றின் நிறம் கறுப்பு, ஒன்று செம்மண், ஒன்றில் பச்சை எனாமல். இவற்றை ஒரே வீட்டுச் சாமானாகக் காட்டுவது திரும்பத் திரும்ப வரும் ஏதாவது ஒரு நிறமோ வேலைப்பாடோதான். அதை வாங்கத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஐடியாவுக்குப் போனைத் தடவ வேண்டாம், ஊரிலேயே கொட்டிக்கிடக்கிறது. சுங்குடிச் சேலையின் புள்ளி. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல். பித்தளை. கோரைப் பாயின் ஓரக்கோடு. 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலுக்குள் ஒரு முறை இதற்காகவே போய் வளைவுகளின் சந்தன வெள்ளையைப் பாருங்கள். வெள்ளை டிஸ்டெம்பருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடும். இவற்றில் இரண்டோ மூன்றோ போதும். நான் இங்கே சுங்குடியையும் ஆத்தங்குடிக் கல்லையும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், பித்தளை அங்கங்கே வந்துபோகும்.

ஒரு எச்சரிக்கை. காரைக்குடித் தூண், யாளி வைத்த கதவு, ஆளுயரக் குத்துவிளக்கு எல்லாவற்றையும் 900 சதுர அடி வீட்டுக்குள் கொண்டுவந்தால் வீடு ஹோட்டல் வரவேற்பறையாகிவிடும். அந்தப் பொருட்கள் அவ்வளவு உயரமான கூரைக்குச் செய்தவை.

படி 3: எங்கே, எப்போது தேடுவது

முதலில் சொந்தக்காரர் வீட்டுப் பரண். அப்பத்தா வீட்டிலோ அம்மாச்சி வீட்டிலோ மாட்டுக்கொட்டகையில் ஒரு முக்காலி, மச்சில் ஒரு ஈசிச்சேர், கோழி அடைக்கும் ஒரு மரப்பெட்டி கட்டாயம் இருக்கும். கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் பாலீஷ் போட்டு நீங்கள் போட்டோ அனுப்பிய பிறகு "அது எங்க ஐயா ஞாபகமா வச்சிருந்ததுல்ல" என்று ஒரு சித்தப்பா கிளம்புவார். எல்லோர் முன்னிலையிலும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்தது சிம்மக்கல் பக்கம் திலகர் திடலில் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பெரிய சாமான்களைவிடச் சின்னவற்றுக்கே நான் இதைச் சொல்வேன்: கீல், கொண்டி, பழைய பித்தளைக் கைப்பிடி, பூட்டு, விளக்கு, மேசை விசிறி, ஆசாரிக் கருவிகள். காலையிலேயே போய்விடுங்கள். மத்தியானம் நிழலும் இருக்காது, நல்ல சரக்கும் இருக்காது.

பழைய வீடு இடிக்கும் இடங்களும் அந்த மரத்தை எடுத்து விற்கும் கடைகளும் மூன்றாவது. நிலை, கதவு, ஜன்னல், உத்திரம் எல்லாம் அங்கே கிடைக்கும். கதவுப் பலகை ஒன்றில் சாப்பாட்டு மேசை செய்யலாம். நன்கு காய்ந்து நிலைத்த மரம் என்பதால் இனிமேல் வளையாது.

மாற்றலாகிப் போகிறவர்கள் நான்காவது. ஏப்ரல், மே மாதங்களில் வங்கி ஊழியர்களும் அரசு ஊழியர்களும் ஊர் மாறும்போது இரும்பு பீரோ, பிரம்பு நாற்காலி, புத்தக அலமாரியை விற்றுவிட்டுப் போவார்கள். ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக்கில் போடுவதற்கு முன்பே அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவிலும் வாட்ச்மேன் அண்ணனிடமும் சொல்லி வைத்தால் முதல் ஆளாகப் பார்க்கலாம். போகிக்கு முந்தைய வாரமும் நல்ல காலம். எரிக்கிற குவியலில் நல்ல மர ஸ்டூல்களைப் பார்த்திருக்கிறேன். ஆயுத பூஜைக்குக் கடைகளையும் ஆபீஸ்களையும் ஒழிக்கும்போது மேசைகள் வெளியே வரும். ஆடித் தள்ளுபடியில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்த சாமான்கள் அடுத்த மாதம் பழைய சாமான் கடைகளில் நிற்கும்.

காரைக்குடி கடைசி. மதுரையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், மேலூர், திருப்பத்தூர் வழியாகப் போகலாம். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தட்டு, தூக்குவாளி, கண்ணாடிச் சட்டம் போட்ட பழைய சாமி படம், மரப்பெட்டி, பீங்கான் ஜாடி எல்லாம் உண்டு. வெளியூர், வெளிநாட்டுக்காரர்கள் வந்து வாங்கும் இடம் என்பதால் முதலில் சொல்லும் விலை அவர்களுக்கான விலை. பெரிய சாமான் அங்கே வாங்கினால் வண்டி வாடகை பொருளின் விலையைத் தொடும். கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வரக்கூடியதை மட்டும் வாங்குங்கள்.

படி 4: கடையில் நின்று சோதிப்பது

இதில்தான் நேரம் செலவிட வேண்டும். பாலீஷ் போட்டு நிறுத்தியிருக்கும் சாமானைவிடத் தூசியோடு கிடக்கும் சாமானே நல்லது, குறையை மறைக்க அதில் எதுவும் இல்லை.

கட்டிலோ மேசையோ, ஒரு மூலையைப் பிடித்து ஆட்டுங்கள். மொத்தமும் சேர்ந்து அசைந்தால் பரவாயில்லை, தரை சமமில்லாமல் இருக்கலாம். கால் தனியாக, சட்டம் தனியாக அசைந்தால் மூட்டு விட்டிருக்கிறது. அதுவும் சரிசெய்யக்கூடியதே. ஆனால் அந்த மூட்டில் யாராவது ஏற்கெனவே ஆணி மேல் ஆணியாக அடித்திருந்தால் மரம் பிளந்திருக்கும், விட்டுவிடுங்கள்.

அப்புறம் தலைகீழாகக் கவிழ்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறும். மாறட்டும். காலின் அடிப்பாகம்தான் கரையானுக்கும் ஓதத்துக்கும் முதல் வாசல். சாவியின் முனையால் குத்திப் பாருங்கள், புதைந்தால் உள்ளே செல்லரித்திருக்கிறது. தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தாலும் அதே கதைதான். குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள் இருந்தால், அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு மரத்தைத் தட்டுங்கள். மாவுபோல வெளிர் நிறத் தூள் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே வேலை செய்கிறது. ஓட்டை மட்டும் கறுத்துப்போய் இருந்து தூள் வராவிட்டால் பெரும்பாலும் பழைய கதை.

மரம் எது என்பது அடுத்த கேள்வி. பழைய சாமான் கடைகளில் எல்லா மரமும் பர்மாத் தேக்குதான். "செட்டியார் வீட்டுச் சாமான்ண்ணே, கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். கண்ணைத் திறந்துகொண்டு, வெளியே தெரியாத அடிப்பாகத்தில் நகக்கண் அளவு சுரண்டிப் பாருங்கள். தேக்கு பொன்னிறம் கலந்த பழுப்பாக இருக்கும், தொட்டால் லேசாக எண்ணெய்ப் பிசுக்குத் தெரியும், பதப்படுத்திய தோலின் வாசனை வரும். சுரண்டின இடம் வெளுத்து, மேலே மட்டும் கறுப்பு இருந்தால் அது சாயம். மேல் பலகையின் ரேகை ஓரத்தைத் தாண்டிப் பக்கவாட்டிலும் தொடர்கிறதா பாருங்கள். தொடராமல் ஓரத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட் மேல் ஒட்டிய மெல்லிய தேக்குத் தோல். தேக்குதான் வேண்டும் என்று அடம்பிடிக்கவும் வேண்டாம். வேம்பும் பூவரசும் வாகையும் நல்ல உழைப்பாளிகள், விலையும் இறங்கும்.

இரும்பு பீரோவில் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். கீழ்த்தட்டைத் தடவுங்கள், துரு ஓட்டை விழுந்திருந்தால் வேண்டாம். கதவு இரண்டும் தொங்காமல் மூடுகிறதா, கைப்பிடியைத் திருகினால் மேலும் கீழும் கம்பி ஓடிப் பூட்டுகிறதா பாருங்கள். லாக்கர் சாவி இல்லையென்றால் விலையில் குறைத்துக்கொள்ளலாம்.

சில பொருட்களைப் பழையதாக வாங்கவே கூடாது: மெத்தை, தலையணை, துணி தைத்து மூடிய சோபா, கைக்குழந்தையின் தொட்டில், கெய்சர். மூட்டைப்பூச்சி சோபாவின் உள்ளே குடியேறிவிட்டால் பூச்சி மருந்து அடிப்பவருக்கே தலைவலி. சோபா வேண்டுமென்றால் மரச்சட்டம் மட்டும் உள்ளதை வாங்கி, இருக்கைக்கு 4 அங்குலத்தில் 40 டென்சிட்டி ஃபோம் வெட்டி வாங்குங்கள். உட்கார்ந்த பள்ளம் சீக்கிரம் விழாது.

படி 5: பேரமும் குட்டியானையும்

கட்டில் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குட்டியானை எனும் சின்ன லோடு வண்டியின் வாடகை, ஏற்றி இறக்கும் கூலி, மாடி ஏற்றத் தனிக் கூலி, ஆசாரி கூலி, உப்புத்தாள், பாலீஷ் எல்லாம் சேர்ந்தால் அடக்கம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அந்த அடக்கத்தைப் புதிய திடமரக் கட்டிலின் விலையோடு ஒப்பிடுங்கள். பாதிக்குள் நின்றால் வாங்கலாம் என்பது என் கணக்கு.

பேரம் பேசும்போது குறையைச் சொல்லிக் கேளுங்கள், பொருளை மட்டம் தட்டாதீர்கள். "கால்ல செல்லு இருக்கு, ஆசாரிக்கு நான் செலவு பண்ணணும்ல அண்ணே" என்பதற்கு மதிப்பு உண்டு. "இந்தப் பழசுக்கா இவ்வளவு" என்றால் அவர் எடுத்து உள்ளே வைத்துவிடுவார். இரண்டு மூன்று சாமானைச் சேர்த்து எடுத்தால் ஒரே வண்டியில் வந்துவிடும், பேரத்தில் கிடைப்பதைவிட அதில் மிச்சம் அதிகம். சித்திரைத் திருவிழா நாட்களில் மட்டும் வண்டி பேசாதீர்கள். தேரோட்டத்தன்று மாசி வீதிகள் பக்கமே போக முடியாது, அழகர் ஆற்றில் இறங்கும் சமயம் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் நகரவே முடியாது.

படி 6: வீட்டுக்குள் விடும் முன்

வந்த சாமானை நேரே படுக்கையறைக்குக் கொண்டுபோக வேண்டாம். பால்கனியிலோ மொட்டை மாடியில் நிழல் விழும் இடத்திலோ இரண்டு வாரம் வையுங்கள். அடியில் வெள்ளைத்தாளோ பழைய வேட்டியோ விரித்தால் புதிய தூள் விழுவது தெரியும். விழுந்தால், ஓட்டை ஒவ்வொன்றிலும் ஊசியால் மரத்துக்கான பூச்சிமருந்தை ஏற்றி மெழுகால் அடைக்க வேண்டும். இரும்புக் கட்டில் என்றால் மூட்டுகளில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிச் சித்திரை வெயிலில் போட்டுவிடலாம், மூட்டைப்பூச்சியும் முட்டையும் சூட்டில் சாகும். மரக்கட்டிலில் அப்படிச் செய்தால் பழைய பசை இளகும், மரமும் வெடிக்கும்.

துடைக்க அதிகம் வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில துளிகள் விட்டு, துணியைப் பிழிந்து துடையுங்கள். உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். பல சமயம் இந்த அழுக்கு போனதுமே பாலீஷ் வேண்டியதில்லை என்று தெரிந்துவிடும்.

"யாரு படுத்த கட்டிலோ, என்னத்துக்கு வீட்டுக்குள்ள கொண்டாந்து போடுற?" என்று அம்மா கேட்பார். இந்த இரண்டு வாரம் அதற்கும் பயன்படும். மஞ்சள் தண்ணீர் தெளித்து, வெள்ளிக்கிழமை பார்த்து உள்ளே எடுத்தால் பெரும்பாலான அம்மாக்கள் சமாதானமாகிவிடுவார்கள்.

படி 7: ஆசாரி, உப்புத்தாள், பாலீஷ்

மூட்டு வேலையை ஆசாரியிடம் விடுங்கள். அவர் மூட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை வைத்து இறுக்கிக் கட்டி ஒரு நாள் விட வேண்டும். கழற்றாமல் மேலாகப் பசை ஊற்றுகிறவரிடமும், இரண்டு ஆணி அடித்துவிட்டு "அசையாதுங்க" என்கிறவரிடமும் வேலையை நிறுத்திவிடலாம்.

தேய்ப்பதையும் பாலீஷையும் நீங்களே செய்யலாம். ஆனால் சாமானில் பழைய பெயின்ட் இருந்தால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை உலரத் தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள். தண்ணீர் நனைத்துத் தேய்க்கும் தாள் வாங்கி, முகக்கவசம் போட்டு, குழந்தைகள் இல்லாத இடத்தில் ஈரமாகவே தேயுங்கள். வழித்ததைத் தாளில் சுற்றி அப்புறப்படுத்துங்கள். பெயின்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் தொடாமல் விடுவது இன்னும் நல்லது. வெளிறிய பச்சை எனாமல் ஒரு அழகுதானே.

பெயின்ட் இல்லாத மரத்துக்கு 120 நம்பர் உப்புத்தாளில் தொடங்குங்கள், பிறகு 220, கடைசியில் 320. ரேகை ஓடும் திசையில் மட்டும். குறுக்கே தேய்த்த கோடு பாலீஷ் போட்ட பிறகுதான் பளிச்சென்று தெரியும். தூளைத் துடைத்து, மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் ஒரு கை, காய்ந்ததும் 320-ஆல் லேசாக ஒரு தேய்ப்பு, அதன்மேல் பாலீஷ் மூன்று கை.

அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்துப் போடும் பிரெஞ்ச் பாலீஷ் பழைய தேக்குக்கு மிகவும் எடுப்பு. ஆனால் சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். கட்டில், அலமாரிக்குப் போடலாம். சாப்பாட்டு மேசைக்கு பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சுதான் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரெஞ்ச் பாலீஷ் போட்டால் காற்றின் ஈரம் பிடித்துப் பூச்சு வெளுத்துவிடும். தையிலிருந்து சித்திரைவரை போடுங்கள். லின்சீட் எண்ணெய் பூசுவதாக இருந்தால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு, தண்ணீரில் நனைத்த பிறகே எறியுங்கள்.

பிரம்பு நாற்காலியின் பின்னல் தொய்ந்திருந்தால், அறுந்து போகாதவரை, புதிதாகப் பின்ன வேண்டாம். கவிழ்த்துவைத்து, அடிப்பக்கத்தில் வெந்நீரில் நனைத்த துணியை அரைமணி நேரம் போட்டு, பிறகு வெயிலில் ஒரு நாள் காயவிடுங்கள். காய்கிறபோது பிரம்பு சுருங்கிப் பின்னல் விறைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் ஒயர் பின்னலுக்கு இந்த வித்தை பலிக்காது.

பழைய கட்டில்களின் அளவு இன்றைய கடை மெத்தைக்குப் பொருந்தாது. 4 அடி அகலம், நாலேகால் அடி அகலம் என்று இருக்கும். இலவம்பஞ்சு மெத்தை தைப்பவர்கள் எந்த அளவுக்கும் தைத்துத் தருவார்கள். போடிநாயக்கனூர்ப் பக்கம் இலவம்பஞ்சுக்குப் பேர்போனது. சூடு பிடிக்காது, வருடத்துக்கு ஒரு முறை வெயிலில் போட்டால் உப்பி வரும்.

படி 8: ஒரு சுங்குடிச் சேலை, ஒரு ஜன்னல், நாலு குஷன் உறை

மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிர மக்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் தொழில். ஒவ்வொரு புள்ளியையும் நூலால் முடிந்து, சாயத்தில் முக்கி, காய்ந்ததும் அவிழ்ப்பார்கள். அவிழ்த்த இடத்தில் துணி சின்னதாகப் புடைத்து நிற்கும், விரலால் தடவினால் தெரியும். பிரின்ட் போட்டது மழமழவென்று இருக்கும். திரைக்குப் பிரின்ட்டே போதும் என்று நினைக்காதீர்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது முடிச்சுப் புள்ளியின் ஒழுங்கற்ற ஓரம்தான் அழகு.

5.5 மீட்டர் சேலை, 1.15 மீட்டர் அகலம் என்று கொள்வோம். 4 அடி அகல ஜன்னலுக்கு, கம்பியிலிருந்து 5 அடி தொங்கும் திரை வேண்டும். மடித்துத் தைப்பதையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 1.7 மீட்டர், இரண்டு பக்கத்துக்கு 3.4 மீட்டர். இரண்டும் சேர்ந்தால் அகலம் 2.3 மீட்டர், 1.2 மீட்டர் ஜன்னலுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு என்பதால் மடிப்பு விழ இது போதும். சேலையின் கரை இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாக ஓடும், திரையை இழுத்து மூடினால் நடுவில் இரண்டு கரையும் சேரும். மிச்சம் 2.1 மீட்டர், முந்தானை அதில்தான் இருக்கும். 45 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வெட்டினால் நாலு குஷன் உறை.

பின்னால் லைனிங் கட்டாயம், இல்லாவிட்டால் ஒரே கோடையில் வெளுத்துவிடும். எட்டு முழ வேட்டி ஒன்று 3.6 மீட்டர் நீளம்; இரண்டு பக்கத்துக்கும் சரியாக வரும். புதுச் சேலையைத் தைக்கும் முன் தனியாக அலசிவிடுங்கள், சாயம் போகும், கொஞ்சம் சுருங்கவும் செய்யும். அம்மாவின் பழைய சேலை என்றால் இந்த இரண்டு கவலையும் இல்லை, கேட்டுவிட்டு வெட்டுங்கள். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகளிலும், திண்டுக்கல் போகும் வழியில் சின்னாளப்பட்டியிலும் சுங்குடி கிடைக்கும்.

படி 9: ஆத்தங்குடிக் கல் பதித்த மேசை

ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட்டை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுவார்கள். மேல்பக்கத்தின் வழவழப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. வாடகை வீட்டுத் தரையில் இதைப் பதிக்க முடியாது, நாலே கல்லை வைத்து ஒரு மேசை செய்யலாம்.

10 அங்குலக் கல் நாலைச் சதுரமாக அடுக்கினால் 20 அங்குலம். அந்த அளவுக்கு அடிப்பாகம் உறுதியான பழைய ஸ்டூலோ தையல் மெஷின் ஸ்டாண்டோ தேடுங்கள். மேலே 18 மில்லிமீட்டர் பிளைவுட், சுற்றிலும் மர ரீப்பர் (மெல்லிய நீளச் சட்டம்), உள்ளே டைல் பசையில் கல். எடை நிறைய வரும், மெல்லிய கால் தாங்காது. கல் சிமென்ட் என்பதால் எலுமிச்சையும் புளியும் ஆசிட்டும் பட்டால் நிறம் போகும். ஈரத் துணியால் துடைத்து, எப்போதாவது ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்தால் போதும்.

படி 10: அடுக்குவது, மாட்டுவது, வெளிச்சம்

முதலில் கட்டிலும் பீரோவும். ஒரு மாதம் அதோடு குடியிருங்கள். காலையில் எங்கே காபியோடு உட்காருகிறீர்கள், பை எங்கே விழுகிறது, செருப்பு எங்கே சேர்கிறது என்று பார்த்தபிறகு மற்றதை வாங்கினால் தேவையில்லாதது வராது. ஹாலில் சோபா வரும்வரை ஒரு ஜமுக்காளமும் நாலு திண்டும் தாராளம். வெள்ளை டைல்ஸ் தரையின் ஆஸ்பத்திரி வெளிச்சத்தை அடக்கவும் ஜமுக்காளத்தைவிட மலிவான வழி கிடையாது.

கம்பிவலை அடித்த பழைய அலமாரி சமையலறைக்குக் கிடைத்தால் விடாதீர்கள். எறும்பு ஏறாமல் இருக்க அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பது பழைய வழக்கம். வைத்தால் மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள், கொசு ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும்.

சுவரில் படம் படமாக ஓட்டை போட வேண்டாம். கண் மட்டத்துக்கு மேலே ஒரே ஒரு ரீப்பர் பலகையை மூன்று திருகில் அடித்து, அதில் கொக்கிகள் போட்டு எல்லாவற்றையும் தொங்கவிடலாம். காலி செய்யும்போது அடைக்க வேண்டியது மூன்று ஓட்டை மட்டும். வீட்டு ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒட்டும் கொக்கிகள் சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் சுவரில் நிற்காது, மே மாதத்தில் பூச்சோடு உரிந்து விழும்.

விளக்கை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) டியூப்லைட்டின் கீழே தேக்கும் பித்தளையும் சாம்பல் பூத்தது போலத் தெரியும். 2700-லிருந்து 3000 கெல்வினுக்குள், டப்பாவில் வார்ம் ஒயிட் என்று போட்ட பல்பை மேசை விளக்குக்கும் மூலைக்கும் போடுங்கள். படிக்கவும் சமைக்கவும் டியூப்லைட் இருக்கட்டும். சந்தையில் வாங்கிய பழைய விளக்கு எதுவானாலும் உள்ளே ஒயரையும் ஹோல்டரையும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாற்றிய பிறகே பிளக்கில் செருகுங்கள்.

படி 11: அடுத்த வீட்டுக்குத் தயாராக

பதினொரு மாத ஒப்பந்தம் என்பது சீக்கிரம் முடியும். கட்டிலைப் பூட்டும்போதே ஒவ்வொரு மூட்டிலும் சேரும் இரண்டு துண்டுக்கும் உள்பக்கம் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். தலைமாட்டுக் காலும் சட்டமும் 1, அடுத்தது 2 என்று. பழைய கட்டிலின் மூட்டுகள் கையால் செதுக்கியவை, ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. மேசைக்கல்லில் ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள். அதே அச்சு, அதே வண்ணக் கலவை அடுத்த தடவை கிடைக்காது. திருகு, கொண்டி, பீரோ லாக்கரின் மாற்றுச் சாவி எல்லாம் ஒரே டப்பாவில், டப்பா பீரோவுக்கு வெளியே.